இரண்டு பேர் மிதிக்கும் வண்டி

கிஹ்னு தீவில் கப்பல் விட்டு இறங்கினால்
நாற்பதடி தள்ளி வாடகைக் கொட்டகை.
கோடு போட்ட சிவப்புப் பாவாடைக்காரி
நோட்டில் பெயர் எழுதிக்கொண்டே சொன்னாள்:
"இரண்டு சைக்கிள்தான் மிச்சம்.
அப்புறம், அதோ, அது."

அதற்கு இரண்டு இருக்கை,
நான்கு மிதிகட்டை,
பந்தியில் போடும் பெஞ்சு போல நீளம்.

தார்மோ ஒன்றில் தாவி ஏறிவிட்டான்.
லேலோ எங்கள் முகத்தைப் பார்க்காமல்
இன்னொன்றில்.
மிஞ்சியது நானும் உல்லேயும்.
மூன்று வருடமாகப் பேச்சில்லாத
நானும் உல்லேயும்.
காரணம் கேட்காதீர்கள்,
சிரித்துவிடுவீர்கள்.

உயரம் அவள்தான், அதனால் முன்னால்.
பிரேக் அவளிடம், கியர் அவளிடம்.
என் கைப்பிடி எந்தப் பக்கமும் திரும்பாது,
பிடித்துக்கொள்ள மட்டும்.
மணியை மட்டும் யாரோ ஒரு குறும்பர்
பின்னால் பொருத்தியிருந்தார்.

எல்லாரும் தீவைப் பார்த்தார்கள்.
நான் பார்த்தது ஒரு முதுகு.
புதுப் பச்சைச் சட்டை,
காலரில் கிழிக்க மறந்த விலைச்சீட்டு,
இருபத்து நான்கு யூரோ,
காற்றில் படபடவென்று.
சொல்லலாம்தான்.
ஆனால் பேச்சில்லையே.

தேவாலயத்து வாசலில் நின்றோம், சீட்டும் நின்றது.
அருங்காட்சியகத்தில் பின்னல் கையுறைகளுக்குமுன் குனிந்தாள்,
காவலாளி படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.
நான் கையுறையைப் பார்த்தேன்.
புகைபோட்ட மீனைத் தாளில் சுற்றி வாங்கி
விரலை நக்கியபடி தின்றோம்.
பக்கவண்டி கட்டிய மோட்டார் சைக்கிளில்
ஒருத்தி எங்களைத் தாண்டிப் போனாள்,
பக்கவண்டிக்குள் ஓர் ஆடு,
மாவட்ட அதிகாரி போல நேரே பார்த்துக்கொண்டு.
இருவருக்கும் சிரிப்பு வந்தது.
தனித்தனியாகச் சிரித்தோம்.

தெற்குச் சாலையில் எதிர்காற்று.
முன்னால் ஒரு மலை உட்கார்ந்திருக்க
நான் ஏன் வேர்க்க வேண்டும்?
மெதுவாக, மிக மெதுவாக,
காலைச் சும்மா சுற்றவிட்டேன்.

"நீ மிதிக்கவில்லை."

திரும்பாமல் சொன்னாள்.
மூன்று வருடத்தில் முதல் வாக்கியம்.

"மிதிக்கிறேன்."
"இல்லை."

என் சோம்பல் சங்கிலி வழியே போய்
அவள் தொடையில் ஏறியிருக்கிறது.
மிதித்தேன்.

கலங்கரை விளக்கத்தில்
படிகளை எண்ணிக்கொண்டே ஏறிய தார்மோ
எண்ணிக்கையைத் தொலைத்துவிட்டு
மறுபடி எண்ணக் கீழே போனான்.
லேலோ அவன் பின்னால் போனாள், தேவையே இல்லாமல்.
உச்சியில் காற்றும் நாங்களும்.
ஒரு முனையிலிருந்து மறு முனைவரை தீவு,
இவ்வளவுதானா என்று கேட்க வைக்கும் தீவு.
புல்லில் சாய்ந்து கிடந்தது எங்கள் வண்டி.

"அந்தக் கூடாரம்" என்றாள் உல்லே.
"ஈரத்தோடு மடித்துத் தந்தாய்."
"அன்றைக்கு மழை, மாரிகா."
"மறுநாள் வெயில்."
கடலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"காயப்போட்டிருக்கலாம்."
"பூஞ்சை பிடித்துப்போச்சு."
"காயப்போட்டிருக்கலாம்" என்றாள் மறுபடியும்.
மன்னிப்பு என்ற சொல்
எங்கள் இருவர் வாயிலும் நுழையாது.
இதுதான் நுழைந்தது.

"உன் காலரில் விலைச்சீட்டு" என்றேன்.
"எப்போதிலிருந்து?"
"காலையிலிருந்து."
"காவலாளி..."
"அவரும் பார்த்தார்."
கையைப் பின்னால் விட்டுத் துழாவினாள், எட்டவில்லை.
நானே பல்லால் நூலைக் கடித்து எடுத்தேன்.
சட்டையில் மீன் வாசம்,
என் வாயிலும் அதே மீன்.

திரும்பும்போது நான் முன்னால்.
இருக்கையை இறக்க ஸ்பானர் இல்லாமல்
நுனிக்காலில் மிதித்தேன்.
காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது.
அப்போதுதான் தெரிந்தது,
முதுகு பார்க்கப்படுவது எவ்வளவு கூச்சம் என்று.
என் சட்டையில் என்ன தொங்குகிறதோ!
உல்லே மணியடித்துக்கொண்டே வந்தாள்:
மாட்டுக்கு, வேலிக்கு, காலிச் சாலைக்கு,
வழியில் இல்லாத எல்லாருக்கும்.

ஜூன் மாதம்.
வருகிறேன் என்று சொல்லிவிட்டு
இரவு வராமலிருக்கும் மாதம்.
எட்டரைக்கும் பகல் வெளிச்சம்.
அந்த வெளிச்சத்தில்
வண்டியை ஒப்படைக்கப் போனபோது பார்த்தோம்:
கொட்டகைக்குப் பின்னால்
நல்ல சைக்கிள்கள், ஆறோ ஏழோ,
சுவரில் சாய்ந்து நின்றன.

பாவாடைக்காரி நோட்டைப் புரட்டினாள்.
உல்லே என்னைப் பார்த்தாள்.
நான் லேலோவைப் பார்த்தேன்.
லேலோ கப்பல் வருகிறதா என்று
கடலைப் பார்த்தாள்.

கப்பலுக்கு இன்னும் முக்கால் மணி இருந்தது.